கில் கட்டளை: ஓடுகிற புராசஸை நிறுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் கடைகளிலும் மில்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் ஓடும் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போனில் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "அண்ணே, ஒரு புரோகிராம் மாட்டிக்கிச்சு, எப்படி நிப்பாட்ட?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். "கில்" என்றால் கே, ஐ, எல், எல். "பி.எஸ்." என்றால் பி, எஸ் மட்டும்; நடுவில் வரும் புள்ளிகள் படிக்க வசதிக்காகத்தான், தட்ட வேண்டாம். "பி-கில்" மாதிரி பெயரின் நடுவில் வரும் கோடும் அப்படித்தான்; "-9" மாதிரி இடைவெளிக்குப் பின் வரும் கோட்டைத் தட்ட வேண்டும்.

கில் என்றால் கொல்வதுதானே? பெயரே பயமாக இருக்கிறதே?

பெயர்தான் அப்படி. கில் கட்டளை செய்வது ஒரு சிக்னலை அனுப்புவது மட்டுமே. புராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்; சிக்னல் என்பது அதற்கு வெளியிலிருந்து போகும் ஒரு சின்னச் செய்தி. அதில் ஓர் எண்ணைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அந்த எண்ணைப் பார்த்துப் புராசஸ் தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பலாம், நின்று தொடரலாம், அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கலாம், சில சிக்னல்களைக் கண்டுகொள்ளாமலும் இருக்கலாம்.

"கில் -எல்" என்று தட்டினால் உங்கள் கணினிக்குத் தெரிந்த எல்லாச் சிக்னல்களும் வரிசையாக வரும். பட்டியல் நீளம்தான். அன்றாட வேலைக்கு ஏழெட்டு போதும்: ஹப் 1, இன்ட் 2, க்விட் 3, கில் 9, டெர்ம் 15, அப்புறம் கான்ட், ஸ்டாப். எண் எதுவும் கொடுக்காமல் "கில் 4312" என்று மட்டும் தட்டினால் போவது 15, அதாவது டெர்ம். "முடித்துக்கொள்" என்று சொல்லும் சிக்னல் அது.

எந்தப் புராசஸை நிறுத்த வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு புராசஸுக்கும் பி.ஐ.டி. என்று ஓர் எண் உண்டு. பெயர் ஓரளவு தெரிந்தால் "பி-கிரெப் -ஏ" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டுப் பெயரைக் கொடுங்கள் (பி, ஜி, ஆர், இ, பி). எண்ணும், அந்தப் புரோகிராம் எந்தக் கட்டளையால் தொடங்கியது என்ற முழு வரியும் வரும். பெயர் தெரியாமல் கணினி மட்டும் திணறுகிறது என்றால் "டாப்" போடுங்கள், சி.பி.யூ.வை அதிகம் தின்கிறது மேலே வந்து நிற்கும். டாப்பிலிருந்து வெளியே வர க்யூ எழுத்து.

எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்க "பி.எஸ். ஏ.யு.எக்ஸ்." அதில் பலரும் தாண்டிப் போகும் ஒரு பத்தி இருக்கிறது: ஸ்டாட். ஆர் என்றால் ஓடுகிறது. எஸ் என்றால் எதற்கோ காத்துக்கொண்டு தூங்குகிறது. டி (தமிழில் ஒரே மாதிரி வந்தாலும் இது ஏ, பி, சி, டி வரிசையில் வரும் டி) என்றால் டிஸ்க் போன்ற வன்பொருளுக்காகக் காத்திருக்கிறது, எழுப்ப முடியாது. பெரிய டீ, அதாவது யூவுக்கு முந்திய எழுத்து, என்றால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இசட் என்றால் ஏற்கெனவே செத்துவிட்டது. கில் தட்டுவதற்கு முன்னால் இந்த ஓர் எழுத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால், பாதிப் பிரச்சினைக்குக் கில்லே தேவைப்படாது.

டெர்ம் அனுப்பினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

நம் ஊர் மாவு மில்லில் பார்த்திருப்பீர்கள். கடைசி ஆளின் கோதுமை அரைத்து முடிந்ததும் மில்காரர் உடனே ஸ்விட்சை இறக்கமாட்டார். மேலே தொட்டியிலிருந்து தானியம் இறங்கும் வழியை முதலில் அடைப்பார். உள்ளே கிடக்கிற தானியம் அரைபட்டு வெளியே வரும்வரை கல்லை ஓடவிடுவார். சத்தம் மாறும். அதைக் கேட்டபிறகுதான் மோட்டாரை நிறுத்துவார். பாதித் தானியம் உள்ளே இருக்கும்போது மின்சாரம் போனால், மறுநாள் ஓடவைக்க அதைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

டெர்ம் கிடைத்ததும் ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம் செய்வது அதேதான். புதிய வேலை வாங்குவதை நிறுத்தும். கையில் இருக்கிறதை டிஸ்க்கில் எழுதும். திறந்த கோப்புகளை மூடும். தற்காலிகக் கோப்புகளையும் பூட்டுக் கோப்பையும் அழிக்கும். தன் கீழே ஓடும் பிள்ளைப் புராசஸ்களுக்கும் சொல்லிவிட்டுக் கிளம்பும். இதற்கான நிரலை அந்தப் புரோகிராமை எழுதியவர் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் டெர்ம் வந்தவுடன் கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) அந்தப் புராசஸை முடித்துவிடும்.

எடுத்த எடுப்பில் "கில் -9" போட்டால் என்ன? வேகமாக முடிகிறதே?

வேகமாகத்தான் முடியும். 9 அந்தப் புராசஸின் காதுக்கே போவதில்லை. கெர்னல் நேராக வந்து முடித்துவிடும். 9-ஐயும் ஸ்டாப்பையும் எந்தப் புரோகிராமாலும் பிடிக்க முடியாது, தடுக்க முடியாது, கேட்காதமாதிரி இருக்கவும் முடியாது. அதனால் மேலே சொன்ன மூடுவது, எழுதுவது, சுத்தம் செய்வது எதுவும் நடக்காது.

இது எனக்குப் புரிந்த நாளைச் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கடை, தீபாவளிக்கு முந்திய வாரம். உள்ளூரில் ஒருவர் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம். அன்றைய பில்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது கோப்பில் எழுதும். மத்தியானம் மூன்று மணிக்குத் திரை அசையாமல் நின்றுவிட்டது. நான் போய்ச் சேரும்போது வாசலில் ஆறேழு பேர் பைகளோடு நிற்கிறார்கள். கடைக்காரர், "தம்பி, பில்லு போட முடியல, வந்தவங்க எல்லாம் நிக்காங்க, சட்டுனு பாருங்க" என்றார். நான் உட்கார்ந்ததும் எண்ணைக் கண்டுபிடித்து "கில் -9" போட்டேன். திரை விலகியது. புரோகிராமை மறுபடி திறந்தேன். காலை பதினொரு மணிக்குப் பிறகு போட்ட ஒரு பில்கூட இல்லை. கடைசியாக எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்து கிடந்தது.

கடைக்காரரின் மகள் கார்பன் நகல்களை எடுத்துவந்தார். கத்திரிப்பூ நிற மையில் மங்கலான எழுத்து, ஓரங்களில் உளுந்து மாவு ஒட்டிய விரல் தடம். அவர் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். முடியும்போது இரவு ஒன்பதரை. அதற்கு நடுவில்தான் இன்னொன்றைக் கண்டேன்: மேசைக்குக் கீழே இருந்த டாட்-மேட்ரிக்ஸ் பிரிண்டரில் காகிதம் தீர்ந்து, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புரோகிராம் மாட்டிக்கொள்ளவே இல்லை. பிரிண்டர் பதில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. ஸ்டாட் பத்தியைப் பார்த்திருந்தால் எஸ் என்று இருந்திருக்கும். காகிதக் கட்டை மாட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் அது தானாக ஓடியிருக்கும்.

அந்தக் கடையில் காலையிலிருந்து நின்றவர்களின் உழைப்பு அந்தக் கோப்பில் இருந்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 9 தப்பான சிக்னல் இல்லை. வேறு வழியே இல்லாத நேரத்தில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

சாதாரண புரோகிராம் என்றால் பத்துப் பதினைந்து வினாடி கொடுங்கள். "கில் -0 4312" என்று தட்டிப் பாருங்கள்: 0 எந்தச் சிக்னலையும் அனுப்பாது, அந்த எண்ணில் புராசஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பதில் எதுவும் வராவிட்டால் இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு புராசஸ் இல்லை என்று வந்தால் போய்விட்டது.

பெரிய கருவிகள் எவ்வளவு பொறுக்கின்றன என்பதையும் அளவாக வைத்துக்கொள்ளலாம். சிஸ்டம்-டி (பின்னணியில் ஓடும் சேவைகளைத் தொடங்கி, நிறுத்திப் பார்த்துக்கொள்வது) ஒரு சேவையை நிறுத்தும்போது டெர்ம் அனுப்பிவிட்டு வழக்கமாக 90 வினாடி காத்திருந்துதான் 9-க்குப் போகும். டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஒரு கன்டெய்னரை நிறுத்தும்போது 10 வினாடி.

டேட்டாபேஸ் என்றால் கணக்கு வேறு. போஸ்ட்கிரெஸ் சர்வரின் முதன்மைப் புராசஸுக்கு டெர்ம் கொடுத்தால், புதிய இணைப்புகளை மறுத்துவிட்டு, ஏற்கெனவே இணைந்திருப்பவர்கள் தாங்களாக விலகும்வரை பொறுத்திருக்கும். யாராவது ஒருவர் இணைப்பைத் திறந்துவைத்தபடி சாப்பிடப் போயிருந்தால் மணிக்கணக்கானாலும் சர்வர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அதை "மாட்டிக்கொண்டது" என்று நினைக்கக் கூடாது. இன்ட் கொடுத்தால் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு ஒழுங்காக மூடும். க்விட் கொடுத்தால் உடனே விழும், அடுத்த முறை தொடங்கும்போது தன்னைச் சரிசெய்துகொண்டு எழும். 9 மட்டும் வேண்டாம் என்று அதன் கையேடே சொல்கிறது. ஒரே ஒரு இணைப்பின் பிள்ளைப் புராசஸுக்கு 9 கொடுத்தால்கூட முதன்மைப் புராசஸ் சந்தேகப்பட்டு மற்ற எல்லா இணைப்புகளையும் வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். ஒருவருக்காகச் செய்தது எல்லாரையும் பாதிக்கும்.

கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-இசட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, இதில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கன்ட்ரோல்-சி அனுப்புவது இன்ட். முன்னால் ஓடும் புராசஸை நிறுத்தச் சொல்கிறது. கன்ட்ரோல்-இசட் புராசஸை முடிப்பதில்லை, உறையவைக்கிறது. திரையில் கட்டளை வரி திரும்பி வந்துவிடுவதால் முடிந்துவிட்டது என்று தோன்றும்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ சார்" என்று கூப்பிட்டார்கள். போய் "ஜாப்ஸ்" என்று தட்டினால் அந்த மாணவியின் டெர்மினலில் பதினான்கு பைத்தான் புரோகிராம்கள், எல்லாம் "ஸ்டாப்டு" என்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு முறை பிழை வந்தபோதும் கன்ட்ரோல்-இசட் அழுத்திவிட்டு மறுபடி ஓட்டியிருக்கிறார். ஒன்றுகூட நினைவகத்தை விடவில்லை. "எஃப்.ஜி." தட்டினால் கடைசியாக நின்றது முன்னால் வரும், அப்போது கன்ட்ரோல்-சி அழுத்தலாம். அல்லது "கில்" போட்டு, சதவீதக் குறியோடு ஜாப் எண்ணைக் கொடுக்கலாம். அன்று இருவரும் உட்கார்ந்து பதினான்கையும் ஒவ்வொன்றாக மூடினோம். பதின்மூன்றாவது வரும்போது அவரே தட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று: உறைந்து நிற்கும் புராசஸுக்கு வேறு டெர்மினலிலிருந்து டெர்ம் அனுப்பினால் அது வாசலிலேயே காத்துக்கிடக்கும். கூடவே "கில் -கான்ட்" அனுப்பி எழுப்பினால்தான் டெர்ம் உள்ளே போகும். இது தெரியாமல் டெர்ம் வேலைசெய்யவில்லை என்று 9-க்குப் போகிறவர்கள் அதிகம்.

கன்ட்ரோல்-சிக்குக் கேட்காத புரோகிராமுக்குக் கன்ட்ரோலோடு பின்சாய்வுக் கோட்டை அழுத்திப் பாருங்கள். அது க்விட். கோர் கோப்பு (அந்த நேரத்து நினைவகத்தின் நகல்) எழுத அனுமதி இருந்தால், புரோகிராம் எந்த இடத்தில் நின்றது என்று ஆராய அதையும் எழுதிவைத்துவிட்டுப் போகும்.

எண்ணைத் தேடாமல் பெயரை வைத்தே நிறுத்த முடியாதா?

முடியும். "பி-கில்" அல்லது "கில்-ஆல்". ஆனால் பெயர் என்பது நம் ஊரில் "சுப்பையா" என்று தெருவில் கூப்பிடுவது மாதிரி. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பி-கில் நீங்கள் கொடுத்த எழுத்துகள் பெயரில் எங்கே இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். "பைத்தான்" என்று சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) கொடுத்தால், உங்கள் ஸ்கிரிப்டோடு கணினியே பின்னணியில் ஓட்டும் பைத்தான் சேவைகளும் சேர்ந்து போய்விடும்.

என் வழக்கம் இது: பி-கில் தட்டுவதற்கு முன்னால் அதே வார்த்தையை, அதே விருப்பங்களோடு பி-கிரெப்புக்குக் கொடுத்துப் பார்ப்பேன். வரும் பட்டியல் நான் நினைத்ததுதானா என்று வாசிப்பேன். சரி என்றால் மேல்நோக்கிய அம்பை அழுத்தி, கிரெப்பைக் கில்லாக மாற்றுவேன். புராசஸின் பெயராகக் கெர்னல் வைத்திருப்பது முதல் 15 எழுத்துகள்தான். நீளமான பெயர் பிடிபடவில்லை என்றால் "-எஃப்" சேர்த்து முழுக் கட்டளை வரியிலும் தேடச் சொல்லுங்கள். அப்போது பிடிபடுவது இன்னும் கூடும் என்பதால் பட்டியலை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சோலாரிஸ் (லினக்ஸ் அல்லாத ஒரு யூனிக்ஸ்) ஓடும் கணினி கையில் வந்தால் கில்-ஆலைத் தொடாதீர்கள். அங்கே அது பெயர் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

"ஆப்பரேஷன் நாட் பர்மிட்டட்" என்று வருகிறதே?

அந்தப் புராசஸ் உங்களுடையது இல்லை என்று அர்த்தம். சாதாரணப் பயனர் தன் புராசஸுக்குத்தான் சிக்னல் அனுப்ப முடியும். உடனே முன்னால் சூடோ சேர்க்காமல், பி.எஸ். பட்டியலின் முதல் பத்தியில் யாருடையது என்று பாருங்கள். ஆய்வகத்தில் என்றால் அது பக்கத்து மாணவருடைய தேர்வு புரோகிராமாகவும் இருக்கலாம்.

9 போட்டும் போகவில்லை. இதற்கு மேல் என்ன செய்ய?

இரண்டே காரணம்தான் இருக்கும், இரண்டும் ஸ்டாட் பத்தியில் தெரியும்.

இசட் என்று இருந்தால் அது ஸோம்பி. ஏற்கெனவே செத்துவிட்டது, நினைவகமும் சி.பி.யூ.வும் எடுப்பதில்லை, பட்டியலில் ஒரு வரி மட்டும் மிச்சம். பிள்ளை எப்படி முடிந்தது என்று தாய்ப் புராசஸ் இன்னும் கேட்டு வாங்கவில்லை, அதனால் அந்த வரி நிற்கிறது. செத்ததற்கு எத்தனை முறை 9 அனுப்பினாலும் பயன் இல்லை. "பி.எஸ். -ஓ பி.பி.ஐ.டி. -பி 4312" என்று தட்டித் தாயின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். தாய் ஒழுங்காக முடிந்தால், அநாதையான பிள்ளையை 1-ஆம் எண் புராசஸ் எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடும். ஒன்றிரண்டு ஸோம்பி இருந்தால் கவலையே வேண்டாம். நூற்றுக்கணக்கில் பெருகினால் தாய்ப் புரோகிராமில் பிழை இருக்கிறது.

டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் டி என்று இருந்தால் விஷயம் கொஞ்சம் கனமானது. அந்தப் புராசஸ் கெர்னலுக்கு உள்ளே, வன்பொருளிடமிருந்து பதில் வரக் காத்துக்கிடக்கிறது. 9 அனுப்பியது வரிசையில் நிற்கும். அது விழித்தால்தான் சாகும். ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கல்யாணப் படங்களைப் பிரதி எடுக்கும்போது இப்படி நின்றுவிட்டது. அவர்கள் மூன்று முறை 9 கொடுத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டேன்: டக், டக், டக் என்று ஒரே சீரான சத்தம். "டி-மெசேஜ்" போட்டால் (டி, எம், இ, எஸ், ஜி) வரிவரியாக ஐ-ஓ பிழை. யு.எஸ்.பி. வயரை மெதுவாகக் கழற்றியதும் கெர்னல் "சாதனம் இல்லை" என்று புராசஸுக்குப் பதில் சொன்னது, அது விழித்து, காத்திருந்த 9-ஐ வாங்கிப் போய்ச் சேர்ந்தது. அதற்குமேல் அந்த டிஸ்க்கைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டாம், தகவல் மீட்பவரிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நோய் புராசஸில் இல்லை, டிஸ்க்கில் இருந்தது.

நிறுத்தினால் அடுத்த நொடியே வேறு எண்ணில் திரும்ப வந்துவிடுகிறது!

யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருந்து திரும்ப எழுப்புகிறார்கள். பெரும்பாலும் சிஸ்டம்-டி. "சிஸ்டம்-சி.டி.எல். ஸ்டேட்டஸ்" போட்டுப் பி.ஐ.டி. எண்ணைக் கொடுத்தால் அது எந்தச் சேவையைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். பிறகு "சூடோ சிஸ்டம்-சி.டி.எல். ஸ்டாப்" போட்டுச் சேவையின் பெயரைக் கொடுங்கள். சேவையாக ஓடுவதைக் கில்லால் நிறுத்துவது முறை இல்லை. எழுப்புகிறவரிடம்தான் சொல்ல வேண்டும். சேவையாக இல்லை என்றால் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்குவது) பட்டியலைப் பாருங்கள்.

டெர்மினலை மூடினாலோ நெட் போனாலோ ஓடிக்கொண்டிருந்த வேலையும் நின்றுவிடுகிறது. ஏன்?

டெர்மினல் போகும்போது அதில் ஓடும் புராசஸ்களுக்கு ஹப் என்ற சிக்னல் போகிறது. டெலிபோன் வழியாகக் கணினியில் நுழைந்த காலத்தில், லைன் அறுந்ததும் "எதிர்முனையில் ஆள் இல்லை" என்று சொல்ல வைத்த சிக்னல். வழக்கமாக அதைக் கேட்டதும் புராசஸ் முடிந்துவிடும்.

நீண்ட வேலை என்றால் தொடங்கும்போதே முன்னால் "நோ-ஹப்" சேர்த்து, கடைசியில் ஆம்பர்சண்ட் குறி (&) போடுங்கள். இன்னும் நல்லது "டி-மக்ஸ்" உள்ளே ஓட்டுவது. நெட் போனாலும் உள்ளே வேலை நடக்கும், திரும்ப வந்து அதே திரையைப் பார்க்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் வந்தபோது இதன் அருமை எனக்குத் தெரிந்தது. பழைய தமிழ்ப் புத்தகப் பக்கங்களை டெசராக்ட் மூலம் எழுத்தாக்கும் வேலையை வெளியூர் சர்வர் ஒன்றில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு இணைப்பு அறுந்து, சில நாள் கழித்துத்தான் திரும்ப வந்தது. டி-மக்ஸில் போட்டிருந்ததால் வேலை முடிந்து காத்திருந்தது.

பின்னணியில் ஓடும் சர்வர்கள் பலவற்றுக்கு இதே ஹப் வேறு பொருள்: அமைப்புக் கோப்பைத் திரும்பப் படி. என்ஜின்-எக்ஸ் என்ற வெப் சர்வர் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

ஒரு புராசஸை முடிக்காமல் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா?

முடியும். "கில் -ஸ்டாப்" போட்டு எண், திரும்ப ஓட "கில் -கான்ட்" போட்டு அதே எண். தை மாத முகூர்த்த நேரத்தில் ஒரு கடையில் இது அடிக்கடி உதவும்: பழைய கணினி ஒன்றில் கல்யாண வீடியோ உருவாகிக்கொண்டிருக்கும், நடுவில் ஒருவர் அழைப்பிதழில் பெயர் மாற்றி உடனே அச்சு வேண்டும் என்பார். வீடியோவை ஸ்டாப் கொடுத்து உறையவைத்து, அச்சை முடித்துவிட்டு, கான்ட் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நினைவகம் மட்டும் திரும்பக் கிடைக்காது. நெட்டில் பேசிக்கொண்டிருக்கும் புரோகிராமை நீண்ட நேரம் இப்படி வைத்தால் எதிர்முனை பொறுமை இழந்து துண்டித்துவிடும்.

மின்சாரம் போய் யு.பி.எஸ். கத்துகிறது. எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக 9 கொடுத்துவிடலாமா?

வேண்டாம். "சூடோ பவர்ஆஃப்" போதும். கணினி அணையும்போது அதுவே எல்லாருக்கும் முதலில் டெர்ம் அனுப்பி, அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் நிற்பவற்றுக்கு மட்டும் 9 கொடுக்கிறது. நாம் செய்ய வேண்டிய அதே ஒழுங்கு. யு.பி.எஸ். இரண்டு நிமிடம்கூடத் தாங்காது என்றால் பேட்டரியை மாற்றுங்கள். அந்தச் செலவு ஒரு நாள் கணக்கைவிடக் குறைவு.

"கில் -9 -1" என்று எங்காவது பார்த்தால் தட்டிப் பார்க்காதீர்கள். கடைசியில் வரும் -1 என்பது "நான் சிக்னல் அனுப்ப முடிந்த எல்லாருக்கும்" என்று பொருள். ரூட்டாக (நிர்வாகியாக) இருந்து தட்டினால் ஏறக்குறைய முழுக் கணினியும் விழும்.

எண்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பெயரையே பழகுங்கள். 1, 2, 3, 9, 15 எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் நம் சாதாரண லினக்ஸ் கணினிகளில் ஸ்டாப் 19, கான்ட் 18. மேக் கணினியில் ஸ்டாப் 17, கான்ட் 19. லினக்ஸில் நிறுத்தும் எண், மேக்கில் ஓடவைக்கும் எண்.

நான் எழுதும் ஷெல் ஸ்கிரிப்ட் டெர்மை மதிக்க என்ன செய்ய வேண்டும்?

"டிராப்" என்ற கட்டளை இருக்கிறது (டி, ஆர், ஏ, பி). ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே, இன்ட் அல்லது டெர்ம் வந்தால் தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு வெளியேறு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஸ்கிரிப்ட் முன்னால் ஒரு நீண்ட கட்டளையை ஓட்டிக்கொண்டிருந்தால், அது முடிந்த பிறகுதான் பாஷ் (ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்) உங்கள் டிராப்பைக் கவனிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 9-க்கு டிராப் எழுதினால் பலன் கிடையாது.

முடிவே தெரியாத வேலைக்கு "டைம்-அவுட்" வையுங்கள். "டைம்-அவுட் -கே 10 300" என்று போட்டுப் பின்னால் கட்டளை: 300 வினாடி ஓடவிட்டு டெர்ம் அனுப்பும், அதற்குப் பிறகு 10 வினாடி பார்த்துவிட்டு 9.

ஒரு வேலை எப்படி முடிந்தது என்பதை வெளியேறும் எண்ணைப் பார்த்துச் சொல்லலாம். சிக்னலால் முடிந்திருந்தால் 128-உடன் சிக்னல் எண் சேர்ந்து வரும்: 130 என்றால் இன்ட், 143 என்றால் டெர்ம், 137 என்றால் 9. யாரும் 9 கொடுக்காமலே 137 வந்தால் நினைவகம் தீர்ந்து கெர்னலே முடித்திருக்க வாய்ப்பு அதிகம். டி-மெசேஜில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள்.

வேறு வழியில்லாமல் 9 போட்டுவிட்டேன். இப்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பூட்டுக் கோப்புகள். லிப்ரே ஆபீஸை இப்படி நிறுத்தினால், ஆவணம் இருக்கும் அதே கோப்புறையில் புள்ளியும் அலைக்குறியும் முன்னால் வைத்து "லாக்" என்று தொடங்கும் ஒரு மறைவுக் கோப்பு நின்றுவிடலாம். வேறு யாரும் அந்த ஆவணத்தைத் திறந்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அழியுங்கள். உபுண்டு, டெபியன் கணினியில் மென்பொருள் நிறுவும்போது நடுவில் நிறுத்தியிருந்தால் பூட்டை அழிக்கப் போகாமல் "சூடோ டி-பேக்கேஜ் --கான்ஃபிகர் -ஏ" தட்டுங்கள் (டி, பி, கே, ஜி, பிறகு கான்ஃபிகர் முழுச் சொல்). பாதியில் நின்றதை அது முடித்துவைக்கும்.

சில சர்வர்கள் தங்கள் எண்ணைப் பி.ஐ.டி. கோப்பில் எழுதிவைக்கும். 9-க்குப் பிறகு அந்தக் கோப்பு பழைய எண்ணோடு நிற்கும். எண்கள் சுற்றிவந்து வேறு புராசஸுக்குக் கிடைக்கும் என்பதால், அந்தக் கோப்பை நம்பிக் கில் தட்டினால் சம்பந்தமில்லாத ஒன்று விழும்.

எஸ்.கியூ.லைட் டேட்டாபேஸ் கோப்பின் பக்கத்தில் "ஜர்னல்" அல்லது "வால்" (டபிள்யூ, ஏ, எல்) என்று முடியும் கோப்பு இருந்தால் அதை அழிக்கவே கூடாது. அரைகுறையாக நின்ற பதிவை அதை வைத்துத்தான் சரிசெய்யும். புரோகிராமை ஒருமுறை திறங்கள், அதுவே பார்த்துக்கொள்ளும். பிறகு கடைசியாக எழுதிய பதிவு இருக்கிறதா என்று கையிலுள்ள காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லிடைக்குறிச்சிக் கடையில் இன்றும் கார்பன் நகல் புத்தகத்தை நிறுத்தவில்லை.